பாடசாலை மலர் உங்கள் கைக்கு வந்தால்

கொழும்பில் பாமன்கடையிலிருந்து டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை வழியாகக் காலி வீதிப் பக்கம் நடந்து பாருங்கள். டைப்செட்டிங், போட்டோக்கொப்பி, பைண்டிங் என்று சின்னச் சின்னக் கடைகள். அதிகம் இழுபடும் வேலை எது என்று அங்கே கேட்டால் கல்யாண அட்டை என்றோ கோயில் நோட்டீஸ் என்றோ சொல்லமாட்டார்கள். பாடசாலை மலர் என்பார்கள். பரிசளிப்பு விழாவுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது பாதிக் கட்டுரைகளோடு ஒரு ஃபைல் வந்து சேரும். குழுப் படங்கள் வட்ஸ்அப்பில் மங்கலாக வரும். பெயர்ப் பட்டியல் ஒருவர் கையில், படம் இன்னொருவர் தொலைபேசியில். கடைசி இரவில் எல்லாம் அவசரமாக ஒட்டப்பட்டு அச்சுக்குப் போகும்.

இந்த வேலையை முதன்முறை ஏற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மலர்க்குழுவின் மாணவ இதழாசிரியர், பொறுப்பாசிரியராக நியமிக்கப்பட்ட இளம் ஆசிரியர், ஒரு கணினியோடு வடிவமைப்பைத் தொழிலாக்க முயலும் இளைஞர் என மூவருக்கும் இது முக்கியமான வாய்ப்பு. செய்தி சேகரித்தல், செம்மைப்படுத்தல், பக்க வடிவமைப்பு, விளம்பரம் பிடித்தல், அச்சகத்தோடு பேரம் பேசுதல் எல்லாவற்றையும் ஒரே வேலையில் பழக வேறெங்கும் இடம் கிடைக்காது.

மலர் கைக்கு வந்ததும் ஒரு பிள்ளை முதலில் தன் முகத்தைத் தேடும், பிறகு தன் பெயரை, பிறகு கூட்டாளிகளை. இருபது வருடம் கழித்து ரொறன்ரோவிலோ மெல்பேர்ணிலோ இருந்து அதே மலரைத் திறந்தாலும் தேடுவது அவற்றைத்தான். அந்தத் தேடலில் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பாத மலரே நல்ல மலர். அட்டையின் பளபளப்பும் எழுத்துருவும் தாளும் அதற்குப் பிறகுதான்.

முதல் பதினைந்து பக்கம்

நம் பாடசாலை மலர்களில் அதிகம் வீணாவது முன்பகுதி. அமைச்சர், ஆளுநர், மாகாணக் கல்விப் பணிப்பாளர், வலயக் கல்விப் பணிப்பாளர், கோட்டக் கல்விப் பணிப்பாளர், அதிபர், உப அதிபர், பழைய மாணவர் சங்கத் தலைவர், செயலாளர் என்று ஆளுக்கொரு முழுப்பக்கம். மூலையில் கடவுச்சீட்டு அளவுப் படம், கீழே ‘பெருமகிழ்வடைகின்றேன்’ என்று தொடங்கும் நான்கு பந்தி. பாடசாலைப் பெயரை மாற்றிவிட்டால் எந்த மலருக்கும் பொருந்தும். பிள்ளைகள் இந்தப் பக்கங்களை வாசிப்பதில்லை. ஆனால் பணத்தில் ஒரு நல்ல பங்கும், பல மலர்களில் நல்ல ஆர்ட் தாளும் கலரும் இவற்றுக்கே போகின்றன.

இதை எடுத்தெறிய முடியாது. எடுத்தெறியவும் வேண்டாம். வலயக் கல்வி அலுவலகத்தோடு பாடசாலைக்கு வருடம் முழுக்கக் காரியம் இருக்கிறது. அந்த உறவைக் காப்பது அதிபரின் பொறுப்பு. ஆகவே இடத்தைச் சுருக்குங்கள், மரியாதையைச் சுருக்காதீர்கள். செய்தி கேட்டு அனுப்பும் கடிதத்திலேயே ‘100 சொற்களுக்குள்’ என்றும் கடைசித் திகதியையும் எழுதிவிடுங்கள். அதிபருக்கு ஒரு முழுப்பக்கம், மற்றவர்களுக்குக் கால்பக்கம். பதவி ஒழுங்கு அப்படியே இருக்கட்டும்.

இந்த யோசனையோடு அதிபர் அறைக்குப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது. மாதிரிப் பக்கங்களை உண்மையான அளவில் அச்சிட்டுக்கொண்டு போங்கள். “சேர், ஒழுங்கு மாறேல்ல, ஒருத்தரும் விடுபடேல்ல. ஆனா ஏழெட்டுப் பக்கம் மிச்சம் வருது. அதில தரம் ஆறுப் பிள்ளையள் எல்லாரையும் பேரோட போடலாம்” என்று சொல்லிப் பாருங்கள். கண்ணால் பார்த்தால் பெரும்பாலான அதிபர்கள் சம்மதிப்பார்கள். அவர்களும் ஆசிரியர்கள்தான், பிள்ளைகளின் முகம் அவர்களுக்கும் வேண்டும்.

யாருக்கு எத்தனை முறை

யேல் கல்லூரியில் பட்டம் பெற்றோரைப் பற்றி 1806இல் வெளிவந்த நூலை அமெரிக்க ஆண்டு மலர்களின் தொடக்கம் என்பார்கள். இன்று அங்கே அது பெரிய தொழில். நம்முடைய மரபு வேறு. பிரித்தானியப் பாடசாலைச் சஞ்சிகையின் வழிவந்தது: அதிபர் அறிக்கை, இல்ல அறிக்கை, சங்க அறிக்கை, விளையாட்டுப் பெறுபேறு, அவற்றுக்கிடையில் கட்டுரையும் கவிதையும். இந்த மரபில் பாடசாலை தெரியும், பிள்ளை மறைந்துபோகும்.

அமெரிக்க மலர்க்குழுக்களிடமிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மாணவரும் மலரில் குறைந்தது மூன்று இடத்தில் வரவேண்டும் என்று பல பாடசாலைகள் அங்கே இலக்கு வைக்கின்றன. ஆயிரத்துக்கு மேல் பிள்ளைகள் உள்ள கொழும்புப் பாடசாலையில் மூன்று முறை கடினம். எல்லோருக்கும் ஒரு முறை, பெயரோடு. வெளியேறும் தரம் 13 மாணவருக்கு மூன்று முறை. இந்த அளவை வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு எக்செல் தாள் போதும். வரவு இடாப்பிலிருந்து எல்லாப் பெயரையும் இறக்குங்கள். ஒவ்வொரு பக்கமும் முடியும்போது அதில் வரும் பெயர்களுக்கு எதிரே பக்க எண்ணைப் போடுங்கள். பாதி வேலை முடிகையில் அந்தத் தாள் ஓர் உண்மையைக் காட்டும். மாணவர் தலைவர்கள், துடுப்பாட்ட அணித்தலைவர், தமிழ் மொழித் தினப் போட்டியில் முதலிடம் வந்தவர், வாணி விழாவில் ஆடியவர் என அதே இருபது பேர் எல்லாப் பக்கத்திலும் இருப்பார்கள். ஒரு எண்ணும் விழாத பெயர்கள் நீளமாகக் கிடக்கும். மிச்சமுள்ள பக்கங்கள் அவர்களுக்கு உரியவை. நூலகத்தில் ஒதுங்கி இருக்கும் பிள்ளை, சாரணர் கூடாரத்தில் கயிறு கட்டிய பிள்ளை, ஒளி விழா மேடைக்குத் திரை இழுத்த பிள்ளை. கெமராவை அந்தப் பக்கம் திருப்புங்கள். மேடைக்குப் பின்னால் நிற்பவரைப் படமெடுக்கத் தெரிந்த மாணவர் நல்ல படப்பிடிப்பாளராக வருவார் என்று நம்புகிறேன்.

கதை எங்கே இருக்கிறது

‘நீரின் முக்கியத்துவம்’, ‘டெங்கை ஒழிப்போம்’, ‘இணையத்தின் நன்மை தீமைகள்’. இவை எந்த வருட மலரிலும் வரலாம். கொட்டாஞ்சேனையிலும் வரலாம், வவுனியாவிலும் வரலாம். முன்பு புத்தகத்திலிருந்து பார்த்தெழுதினார்கள், இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒரு நிமிடத்தில் தருகிறது. இரண்டிலும் பிள்ளை இல்லை. ‘ஆக்கங்கள் வரவேற்கப்படுகின்றன’ என்று அறிவித்தல் பலகையில் ஒட்டினால் இவைதான் வந்து சேரும்.

ஆகவே ஆக்கத்துக்குக் காத்திருக்காமல் கேள்வியோடு போங்கள். இந்த வருடம் முதன்முறையாக என்ன செய்தாய்? காலையில் எத்தனை மணிக்கு எழும்புகிறாய், எந்த வழியால் வருகிறாய்? கன்ரீனில் எது முதலில் முடியும்? எந்த நாளில் பாடசாலைக்கு வரப் பிடிக்கவில்லை? பதிலை அப்படியே எழுதிக்கொண்டு, பிறகு இருநூறு சொல்லில் எழுதித்தரச் சொல்லுங்கள்.

2022ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. யூனில் எரிபொருள் இல்லாமல் கொழும்பில் பாடசாலைகள் மூடப்பட்டன. பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டது. பாடசாலை வான் ஓடவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் ஒரு பிள்ளை அந்த மாதங்களில் எப்படி வந்தது, வராத நாளில் மின்வெட்டுக்கிடையே எப்படிப் படித்தது என்று அந்தப் பிள்ளையே எழுதிய அரைப்பக்கம் அந்த வருட மலரின் சிறந்த பக்கமாக இருக்கும். அந்த அரைப்பக்கத்தைக் கேட்டு வாங்கியவரே உண்மையான இதழாசிரியர்.

வருடத்தின் கதை பெரிய சம்பவமாக இருக்கவேண்டிய அவசியமில்லை. வான் அங்கிளை ஒருநாள் பேட்டி காணுங்கள். எத்தனை பிள்ளைகளை எத்தனை ஒழுங்கைகளில் ஏற்றுகிறார், யார் எப்போதும் பிந்துவார், மழை வந்தால் எந்த இடத்தில் தண்ணீர் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். வெள்ளவத்தை வகுப்பறை ஒன்றில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மன்னார், மலையகம் என்று பல ஊர்க் குடும்பங்களின் பிள்ளைகள் ஒன்றாக இருக்கிறார்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரே பண்டிகை வேறுவிதமாக வரும். அவர்கள் பேசுவதை எழுதும்போது ஊர்ப்பேச்சை மேற்கோளுக்குள் விட்டுவிடுங்கள். “வான் இன்னும் வரேல்ல” என்பதைத் திருத்தி ‘வாகனம் இன்னும் வந்து சேரவில்லை’ என்று மாற்றினால் அந்தப் பிள்ளையின் குரல் போய்விடும். எழுத்துப்பிழை திருத்துவது உங்கள் கடமை. குரலைத் திருத்த உங்களுக்கு உரிமை இல்லை.

சங்க அறிக்கைகளையும் இதே கண்ணோடு பாருங்கள். “எமது மன்றம் இவ்வாண்டு பல்வேறு செயற்பாடுகளை முன்னெடுத்தது” என்று வந்தால் திருப்பி அனுப்புங்கள். எந்த நாள், எந்த மண்டபம், எந்த நாடகம், யார் நடித்தது, எத்தனை பேர் வந்தார்கள், என்ன பிழைத்தது? இவற்றுக்குப் பதில் எழுதினால் அறிக்கை தானே கதையாகிவிடும்.

பெயர்

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். குழுப் படத்தின் கீழே ‘தரம் 9ஆ மாணவர்கள் வகுப்பாசிரியருடன்’ என்று மட்டும் போட்டு நிறுத்துகிற மலர் அந்த நாற்பது பேரையும் இழக்கிறது. பழைய சஞ்சிகைகள் இதில் நம்மைவிட ஒழுங்காக இருந்தன: இருப்பவர்கள் இடமிருந்து வலம், நிற்பவர்கள் முதலாம் வரிசை, இரண்டாம் வரிசை, கடைசியில் சமுகமளிக்காதோர். படத்தில் இல்லாத பிள்ளைக்கும் மலரில் இடம் கொடுத்த அந்தக் கடைசி வரியை நாம் கைவிட்டிருக்கக்கூடாது.

பெயரை முதலெழுத்தோடு சுருக்காதீர்கள். ஒரே வகுப்பில் ஒரே பெயரில் இருவர் இருப்பார்கள். நாற்பது வருடத்துக்குப் பின் தேடுபவருக்கு முதலெழுத்து உதவாது. தகப்பன் பெயரையும் முழுதாகப் போடுங்கள், பிள்ளை தன் பெயரை எழுதும் எழுத்துக்கூட்டலிலேயே போடுங்கள். படம் எடுத்த அன்றே, வகுப்பு கலையும் முன்பே, வரிசைப்படி பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கேட்டு எழுதினால் பிழை நிச்சயம். எழுதிய பட்டியலை வகுப்பில் ஒட்டி, ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயருக்கு நேரே கையெழுத்திடச் சொல்லுங்கள்.

இதில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், நம் சமூகத்துக்குப் பதிவுகள் மிஞ்சியது குறைவு. 1981 மே 31 இரவு எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் சுற்றுப்புறத்திலும் தமிழர் வீடுகள் எரிந்தபோது அலுமாரிகளில் இருந்த குடும்பப் படங்களும் சான்றிதழ்களும் சேர்ந்தே போயின. பின்னர் வந்த போரும் இடப்பெயர்வுகளும் மிச்சத்தைக் கொண்டுபோயின. பல குடும்பங்களுக்குத் தாத்தாவின் பதின்ம வயது முகம் கிடைக்கும் ஒரே இடம் ஏதோ ஒரு கல்லூரிச் சஞ்சிகை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் பாடசாலை மலர்களும் சிறப்பு மலர்களும் ஆயிரக்கணக்கான பிற ஆவணங்களோடு எண்ணிமப்படுத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் சிலவற்றை ஒரு மாலை திறந்து பாருங்கள். பெயரும் வரிசையும் உள்ள படத்துக்கும் இல்லாத படத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு நிமிடத்தில் விளங்கும்.

பக்கம் அமைத்தல்

அட்டையில் சரஸ்வதி, குத்துவிளக்கு, பூகோளம், திறந்த புத்தகம், உதயசூரியன், பாடசாலைச் சின்னம் எல்லாவற்றையும் ஒரே கலவையாகக் குவிக்காதீர்கள். இந்த வருடம், இந்தப் பாடசாலையில் மட்டும் எடுக்கக்கூடிய ஒரு நல்ல படம் போதும். சின்னம் சிறிதாக, தெளிவாக, ஒரு மூலையில்.

உள்ளே இரண்டு எழுத்துருக் குடும்பங்களுக்கு மேல் வேண்டாம். நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், கட்டமரன் போன்றவை இலவசமாகக் கிடைக்கும் யூனிகோட் எழுத்துருக்கள். பாமினியில் தட்டச்சிடும் பழக்கத்தை விடுங்கள். பாமினியில் திரையில் தெரிவது தமிழ் வடிவம், கணினி உள்ளே சேமிப்பது ஆங்கில எழுத்து. ஆகவே நாளைக்கு யாராவது பி.டி.எஃப்பில் தன் பெயரைத் தமிழில் தேடினால் கிடைக்காது. இன்டிசைனில் யூனிகோட் தமிழ் உடைந்து, கொம்பு இடம்மாறி வந்தால் பந்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தெரிவுசெய்யுங்கள், சரியாகிவிடும்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒடுங்கிய பத்தியில் இருபுறமும் சீராக்கினால் சொற்களுக்கிடையே பெரிய ஓட்டைகள் விழும். இடப்பக்கம் மட்டும் சீராக்குங்கள். மேலே விசிறியும் கீழே சுழியும் முட்டாதபடி வரிகளுக்கிடையே ஆங்கிலத்தைவிடக் கூடுதலான இடம் விடுங்கள். எழுத்துக்குப் பின்னால் மங்கலான படம் வைப்பதைத் தவிருங்கள். படமும் கெடும், எழுத்தும் வாசிக்கமுடியாமல் போகும்.

கொழும்பின் மதிய வெயிலில் வெள்ளைச் சீருடையைப் படமெடுத்தால் உடை வெளுத்து எரிந்துவிடும், முகம் கறுத்துவிடும். காலை எட்டு மணிக்குள், கட்டட நிழலில் எடுங்கள். A4 முழுப்பக்கப் படத்துக்கு 300 டி.பி.ஐ. கணக்கில் 2480க்கு 3508 பிக்ஸல் தேவை. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டொக்கியுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது மெமரி கார்ட்டையே வாங்கிவிடுங்கள்.

அச்சகமும் காசும்

பக்க எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் முன் அச்சகத்துக்குப் போங்கள். தாள் அளவைப் பொறுத்து 8 அல்லது 16 பக்கம் ஒரு ஃபோம். 80 பக்கத்தில் முடிவது சிக்கனம். 82 என்றால் இரண்டு பக்கத்துக்காக இன்னொரு ஃபோமுக்குச் செலவழிப்பீர்கள். கலர்ப் பக்கங்களை ஒரே ஃபோமுக்குள் அடக்கினால் செலவு நன்றாகக் குறையும். அந்தக் கலரைக் குழுப் படங்களுக்குக் கொடுங்கள். பிரதிகள் சில நூறுக்குள் என்றால் டிஜிட்டல் அச்சு, மேலே போனால் ஒஃப்செட். மூன்று அச்சகங்களிடம் விலை கேளுங்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனைப் பக்கம் புளூமெண்டால் வீதியிலும் தமிழ் நூல்கள் அடித்துப் பழகிய இடங்கள் இருக்கின்றன. அளவு, பக்கம், உள்தாளின் ஜி.எஸ்.எம்., அட்டை, லமினேற், பைண்டிங், பிரதிகள், ஒப்படைக்கும் திகதி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி மூவருக்கும் ஒரேமாதிரிக் கொடுத்தால்தான் விலையை ஒப்பிட முடியும். 2022இல் தாள் விலை ஏறியபோது வாய்ப்பேச்சில் ஒப்புக்கொண்டவர்கள் பலர் திண்டாடினார்கள்.

காலி வீதிக் கடைகளில் விளம்பரம் கேட்கப் போகிறவர்கள் சீருடையில், அதிபரின் கடிதத்தோடு, பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு, இருவராகப் போகவேண்டும். பின்னட்டை, உள்ளட்டை, முழுப்பக்கம், அரைப்பக்கம் என்று விலைப்பட்டியல் கையில் இருக்கட்டும். விளம்பரங்களைக் கடைசியில் சேர்த்துப் போடுங்கள். கதைகளுக்கு நடுவே வேண்டாம்.

வடிவமைப்பை ஏற்கும் இளைஞருக்குத் தனியாக ஒன்று. தெரிந்த பாடசாலை, படித்த பாடசாலை என்று கூலி பேசாமல் தொடங்காதீர்கள். பக்கத்துக்கு இவ்வளவு, பாதி முற்பணம், இரண்டு முறை திருத்தம், அதற்கு மேல் ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதிப் பொறுப்பாசிரியரின் ஒப்பம் வாங்குங்கள். இது அவமரியாதை அல்ல, இரு தரப்புக்கும் பாதுகாப்பு. ஒவ்வொரு புரூப்பிலும் திகதியோடு ஒப்பம் இருக்கவேண்டும். வட்ஸ்அப் குரல்பதிவில் வந்த திருத்தத்தை நம்பி அச்சுக்கு அனுப்பாதீர்கள். குழுவின் பெயர்ப் பக்கத்தில் வடிவமைத்தவர், தட்டச்சிட்டவர், படமெடுத்தவர் எல்லோர் பெயரும் வரவேண்டும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். என்.வீ.கியூ. நான்காம் மட்ட கிரஃபிக் டிசைன் சான்றிதழுக்குப் போனாலும், பத்திரிகை அலுவலகத்தில் வேலை கேட்டுப் போனாலும், பெயர் அச்சிட்ட ஒரு மலர் உங்கள் கையில் இருக்கும். நேர்முகத்தில் முழு மலரையும் நீட்டாமல், ஒரு பக்கம் உங்களிடம் வந்தபோது எப்படி இருந்தது, நீங்கள் எப்படி மாற்றினீர்கள் என்று இரண்டையும் அருகருகே காட்டுங்கள்.

பிள்ளைகளின் படத்துக்குப் பெற்றோர் சம்மதம் எழுத்தில் வேண்டும். வீட்டு முகவரியும் தொலைபேசி இலக்கமும் மலரில் வரக்கூடாது.

அச்சாகி வந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக் கணினியைத் துடைத்துவிடாதீர்கள். இறுதி பி.டி.எஃப், மூலக் கோப்பு, எழுத்துருக்கள், சுருக்காத படங்கள், பெயர்ப் பட்டியல் ஆகிய ஐந்தையும் ஒரே கோப்புறையில் போட்டு வருடத்தைப் பெயராக இடுங்கள். ஒரு பிரதி அதிபர் அலுவலகத்துக்கு, ஒன்று பழைய மாணவர் சங்கத்துக்கு, ஒன்று உங்களிடம். அச்சிட்ட மலரில் ஒன்றைப் பாடசாலை நூலகத்திலும், ஒன்றை 57ஆம் ஒழுங்கையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்திலும் நேரில் கொடுங்கள். அதிபரின் அனுமதிக் கடிதத்தோடு பி.டி.எஃப்பை ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தை நடத்தும் நூலக நிறுவனத்துக்கு அனுப்பிவையுங்கள். எக்செல் தாளை அடுத்த வருட இதழாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள், ஒரு எண்ணும் விழாத பெயர்களைச் சிவப்பில் காட்டி.